இரண்டரை மணி

குளிர்பெட்டிக் கதவில் லுத்மிலாவின் கையெழுத்து:
காலை ஒன்பதரை, நாற்பத்தைந்து நிமிடம்.
பகல் ஒன்று முதல் இரண்டரை.
இரவு ஏழுக்கு விளக்கணைப்பு.
அடியில் இரண்டு கோடு இழுத்து:
இரண்டரைக்குக் கட்டாயம் எழுப்பவும்.

என் மனைவி மருத்துவமனையில்
மயக்க மருந்து கொடுப்பவள்.
எண்பது கிலோ ஆளைப்
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வாள்.
ஏழு வருமுன் ஆள் அடங்கிவிடுவான்.
கடைசித் தையலுக்குப் பின் பெயர் சொல்லி எழுப்புவாள்.
எட்டுக் கிலோ அம்பாரோவிடம்தான்
அந்த வித்தை பலிக்கவில்லை.

ரமோனா பராகுவேக்காரி.
பட்டியலைப் படித்தாள். தலையாட்டினாள்.
அதன் மேலிருந்த பீட்சாக்கடைக் காந்தத்தை
நேராக்கி வைத்தாள். அவ்வளவுதான்.
"தூங்குகிற பிள்ளையை எழுப்பினால்
உயிர் பாதி வழியில் நின்றுவிடும், தோன் எசெகியேல்."

அவள் ஊரில் உச்சிவெயில் நேரத்தில்
கண்ணயராத பிள்ளைகளைத் தேடி
மஞ்சள் தலைமுடிக் குட்டிச்சாமி ஒன்று வருமாம்.
யாசி யாதெரே. பெயரைக்கூட
மெல்லத்தான் சொன்னாள்.
புவெனஸ் ஐரிஸில், ஆறாம் மாடியில்,
லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்
அது எப்படி ஏறிவரும் என்று கேட்டேன்.
"படியில்," என்றாள்.

நான் வீட்டிலிருந்து கணக்கெழுதுகிறவன்.
ஆகவே தூதுவன். ஆகவே கோழை.
இரண்டரைக்குக் கைப்பேசி அதிரும்:
எழுப்பியாச்சா?
அறைவாசல் வரை போவேன்.
உள்ளே இருட்டு, பால்வாடை,
உதட்டின் மேல் ரமோனாவின் ஒற்றை விரல்.
என் வாடகை, என் கதவு, என் மகள்;
நுனிக்காலில் திரும்பி வந்து
எழுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று தட்டுவேன்.

நோட்டில் அவள் எழுதுவாள்:
விழித்தது இரண்டு இருபத்தெட்டு.
அந்த எட்டில் இருக்கிறது அவள் சாமர்த்தியம்.
அம்பாரோ எழுவது நான்கு மணிக்கு,
கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தின் தடத்தோடு.

ஜூன் மாதக் குளிரில் ஒருநாள்
அறுவை ஒன்று தள்ளிப்போக
மூன்று மணிக்கே வந்து நின்றாள் லுத்மிலா.
வீடு முழுக்கத் தூக்கத்தின் அமைதி.
நோட்டில் அன்றைய இரண்டு இருபத்தெட்டு
முன்கூட்டியே எழுதப்பட்டு,
மை காய்ந்து கிடந்தது.

யாரும் கத்தவில்லை. குழந்தை விழித்துவிடுமே.
கிசுகிசுப்பில் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?
பல் வலிக்கும்.
"ஏழு மணிக்கு இவள் தூங்கியாக வேண்டும்."
"சரி, செஞ்ஞோரா."
"இப்போதே எழுப்பினால்தான் ஏழுக்குத் தூங்குவாள்."
"உண்மைதான், செஞ்ஞோரா."
மடித்துக்கொண்டிருந்த துணியை
ரமோனா மறுபடி மடித்தாள்.
"ஏழு மணிக்கு நீங்கள்
நூற்றொன்பதாம் எண் பேருந்தில் இருப்பீர்கள்.
வந்து சேர ஏழு நாற்பது ஆகும்."

லுத்மிலா பதில் சொல்லவில்லை.
குளியலறைக்குப் போய்
முழங்கை வரை சோப்பு போட்டுக்
கைகழுவினாள், வெகுநேரம்.
தண்ணீர்ச் சத்தம் நின்ற பிறகும்
கதவு திறக்கவில்லை.
நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
வரிப் படிவத்தின் நான்காம் பக்கத்தைப்
படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலை யாரும் கிழிக்கவில்லை.
இரண்டரைக்கு இன்னமும் கேள்வி வருகிறது,
பொய்யும் போகிறது.
முன்பெல்லாம் உடனே ஒரு படம் கேட்பாள்.
இப்போது கேட்பதில்லை.
சம்பள நாளில் பேருந்துக்காசு தனியாக,
எண்ணாமல் கொடுக்கிறாள்.
இருவரும் சிரித்துப் பேசுவதாகச் சொல்லமாட்டேன்.

ஏழு நாற்பதுக்குப் பூட்டில் சாவி நுழையும்.
அம்பாரோ தவழ்ந்து போய்
அந்த ஈரக் காலணிகளைப் பிடித்துக்கொள்வாள்.
அதற்கான விலை பதினொன்றரைக்கு:
இருட்டில் கட்டிலில் மூன்று பேர்,
மகளின் முதுகைத் தட்டியபடி லுத்மிலா எண்ணுகிறாள்.
பத்து. ஒன்பது.
எட்டு...

ஏழு வரவேயில்லை.
லுத்மிலாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.
தட்டிய கை தட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது.
அதன் அடியிலிருந்து அம்பாரோ
தலை தூக்கி என்னைப் பார்த்தாள்,
பகல்போல் விழித்த கண்களால்.

ஏழு, என்றேன் மெல்ல.
சிரித்தாள்.