அட்டவணை இரண்டு

கோட்டைமுனையில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
இரவு பத்தே முக்கால். டப்ளினில்
பின்னேரம் ஐந்தேகால்; அங்கேயும் மழையாம்.
கொந்தராத்து நாற்பத்தாறு பக்கம்.
என் கட்சிக்காரர் சம்மாந்துறை இல்முதீன்,
அறுபது பேரின் குரலை விற்க வந்தவர்.

விற்க என்று எழுதக் கூடாது.
உரிமம் அளித்தல்.
இருபத்திரண்டு வருடமாக நான் செய்வது
இந்தச் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில்
கதிரை போட்டு உட்காருவதுதான்.

கறுப்புக் கோட்டு அலமாரியில் பூஞ்சணம் பிடிக்கிறது.
'எந்தக் கோட்டில நிக்கிறீங்க?' என்று
கல்யாண வீடுகளில் கேட்பார்கள்.
சிங்கப்பூர் என்றால் நம்புவதில்லை.
நடுத்தீர்ப்பு என்றால்,
'மத்தியஸ்த சபையா? வேலிச் சண்டையா?'
ஓம், வேலிச் சண்டைதான்.
இந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் சேவர்,
அந்தப் பக்கம் இன்னொன்றின் காப்புரிமை.
பூவரசங் கதியால் மட்டும் இல்லை.

பதினாலாம் வாசகம்:
குரல்கள் யாவும் கம்பெனிக்கே,
இன்றுள்ள கருவியிலும் இனி வரும் கருவியிலும்,
என்றென்றைக்கும், பிரபஞ்சம் முழுவதும்.
'பிரபஞ்சம் எதற்கு?' என்றேன்.
எதிர்த்தரப்பில் ஃபின்னோலா என்றொரு பெண்,
குழந்தையை மடியில் வைத்தபடி சிரித்தாள்.
பழைய வார்ப்பு, அப்படியே வருகிறது, என்றாள்.
வெட்டினோம். உலகம் முழுவதும் என்று நின்றது.
'என்றென்றைக்கும்' மீது கைவைக்க விடவில்லை.

'அப்ப சந்திரன் நமக்கா, லோயர்?'
இல்முதீன், வட்ஸ்அப்பில்.
சந்திரன் உங்களுக்கு.

சண்டை வேறிடத்தில்.
பதிவுகளில் நாலில் ஒரு பங்கைத்
தரமற்ற தமிழ் என்று பொறி தள்ளியிருந்தது.
தள்ளியதற்குக் காசு இல்லை, ஏழாம் வாசகம்.
ஹெட்போன் மாட்டி ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.
மல்வத்தையில் முட்டை விற்கும் தவமலர்:
'முதல்ல எண்ணுவன், மறுகா பெட்டியில வைப்பன்.'
பிழை.
சாய்ந்தமருது ஓட்டோக்காரர் சாலிஹ்:
'சந்தியில கிறுகினா மறுகா பள்ளி.'
இரட்டைப் பிழை.
நானூற்றுப் பன்னிரண்டு மறுகா.

கோபம் வந்தது. கோபத்துக்கு
ஆறு நிமிட அலகில் பில் போட முடியாது.
அட்டவணை எழுதினேன், அதற்குப் போடலாம்.

'மறுகா' எனில் பிறகு; அதற்கப்பால்; இன்னொரு முறை.
'கிறுகுதல்' எனில் திரும்புதல்.
இச்சொற்கள் இவ்வொப்பந்தத்தின்
எல்லா நோக்கங்களுக்கும் தமிழ்.

ஃபின்னோலா நெடுநேரம் பேசவில்லை.
இதற்கும் அயர்லாந்துச் சட்டம்தானே ஆளும், என்றாள்.
எங்களுக்கும் ஒருகாலம் தனிச்சட்டம் இருந்தது,
முக்குவர் சட்டம், சொத்து தாய்வழி போகும்;
சட்டக் கல்லூரியில் அரைப் பக்கம்,
வினாத்தாளில் வராது என்று நான் தாண்டிப்போன அரைப் பக்கம்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
ஓம், அயர்லாந்துதான், என்றேன்.
சொல்லுக்குப் பொருள் மட்டும் இங்கே.

கரண்ட் போனது. மோடத்தின் பச்சை அணைந்தது.
கைபேசியை யன்னல் கம்பியில் சாய்த்து
ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் காத்திருந்தேன்.
பன்னிரண்டு இருபதுக்குக் கையொப்பம் விழுந்தது.
இல்முதீனுக்கு அனுப்பினேன்.
உடனே குரல் செய்தி, பின்னால் வயல் தவளைகள்:
'சந்தோசம் லோயர். மறுகா, காசு எப்ப?'

நாற்பத்தைந்து நாள் என்று தட்டினேன்.
விலைப்பட்டியல் கிடைத்த திகதியிலிருந்து.