ஏறும் தண்டு

கண்ணாடி மேசையில் நஸ்மில் இரண்டு தண்டுகளை வைத்தான்.
ஒன்று எண்ணெயில் ஓடுவது. மினுக்கம்.
விலையைச் சொல்லுமுன் தொண்டையைச் செருமினான்.
மற்றது வெறும் கேபிள்.

"இறங்கிறதெண்டா எல்லாம் இறங்கும், மிஸ்.
திரும்ப ஏறுதா எண்டதுதான் கதை."

எனக்கா தெரியாது?
போன மாரியில், கன்னியாக் காட்டுச் சரிவில்,
பெருவிரலால் ஒரு தட்டு.
சீட் போனது போனதுதான்.
உப்புவெளி வரைக்கும் முழங்கால் நெஞ்சில் இடிக்க
ஏதோ பிள்ளையின் சைக்கிளைத் திருடியவள் போல
மிதித்து வந்தேன்.

கழற்றினால் உள்ளே மணல்.
ரப்பர் வளையத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.
இந்த ஊரில் கடற்காற்றுக்குத் திறப்புத் தேவையில்லை.

"எண்ணெய்த் தண்டு பழுதானா?"
"கொழும்புக்கு அனுப்போணும். மூண்டு கிழமை.
நாலும் ஆகலாம்."
"கேபிள்?"
பதில் சொல்லாமல் லாச்சியை இழுத்தான்.
சுருள் சுருளாய், தூசியோடு,
ஒரு கிழட்டு பிரேக்குக்கும் போதுமான கம்பிகள்.

கேபிள்தான்.
பக்கவாட்டில் மயிரளவு ஆடியது. ஆடட்டும்.

கடைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து அமுக்கினேன்.
இறங்கி, எழுந்து, டொக்.
இறங்கி, எழுந்து, டொக்.
பதினோராவதில் நஸ்மில் கடிகாரத்தைப் பார்த்தான்.
வாசலில் குப்பைப் பையை மேய்ந்துகொண்டிருந்த மான்
ஒவ்வொரு டொக்குக்கும்
ஒரு காதை மட்டும் திருப்பியது.