மைனஸ் எச்

மூன்று நாளாக மழை. பால்வெட்டு இல்லை.
சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு ஈரத்தோடு வந்தால்
வீட்டில் கம்ப்யூட்டர் செத்துக்கொண்டிருந்தது.

குலசேகரத்தில் பிரிண்ட் எடுக்கப் போன பென் டிரைவ்
கொண்டுவந்த தீனம்.
எந்த ஃபோல்டரைத் தட்டினாலும்
அதன் வேஷம் கட்டிய வேறொன்று வாய் திறக்கிறது.
அபிஷாவின் புதுநன்மைப் படங்கள் இருந்த இடத்தில்
ஓரத்தில் வளைந்த அம்பு ஒட்டிய
ஒரு மஞ்சள் பொய்.

மார்த்தாண்டத்திலிருந்து ரெஜின் போனில் சொன்னான்:
“அண்ணே, ஒண்ணும் அழியேல்ல. ஒளிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்.
முதல்ல குப்பைய வாரும்.”

வாரினேன்.
ஏழு தடவை இறங்கிய ஒரே ஆதார் படிவம்.
கேட்காமலே வந்து குடியேறிய மூன்று டூல்பார்.
எனக்குப் பரிசு விழுந்ததாக
மூலையில் நின்று மினுங்கிய ஒரு சிவப்புக் கார்.
ரப்பர் நல்ல விலைக்குப் போன வருஷத்துக் கணக்கு
(அதை மட்டும் விட்டுவைத்தேன், சும்மா).

சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை
நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரிப்பதுபோல் இல்லை இது.
ஒவ்வொன்றுக்கும் ‘உறுதிதானா?’ என்று கேட்கிறது.
மதியம் முழுக்க ஓர் எந்திரத்திடம்
ஆமாம், ஆமாம், ஆமாம்.

ஸ்கேன் ஓடியது. இரண்டு தடவை கரண்ட் போனது.
இரண்டு தடவையும் பூஜ்யத்திலிருந்து.
நாற்பத்தொன்று என்று சிவப்பில் காட்டியது, பிறகு துடைத்தது.
பென் டிரைவையும் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

கடைசியில் கறுப்புத் திரை.
ரெஜின் எழுத்தெழுத்தாகச் சொல்ல
கத்தி பிடித்துக் காய்த்த ஒற்றை விரலால் நான்:
ஏ, டி, டி, ஆர், ஐ, பி. இடம் விட்டு மைனஸ் எச்.
“மைனஸ் போட்டா மறைவு போவும்.
பிளஸ் போட்டா திரும்ப மறையும். பாத்து அடியும்.”

என்டர்.

படங்கள் வந்தன. அன்பியக் கணக்கு வந்தது.
கறன்ட் பில், வரித் தீர்வை, எல்லாம்.
கூடவே
வைரஸ் மறைக்காத ஒன்றும் வந்தது.

பெயர்: புதியது. தேதி: பத்து வருஷம் முன்னே, ஒரு ஜூன்.
நேரம்: ராத்திரி ஒன்று நாற்பது.
மாலத்தீவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடம்,
கணக்கு டீச்சர் வேலை,
விஜிலா பாதி நிரப்பிய விண்ணப்பம்.
பாஸ்போர்ட்டின் நகல்.
அவளுக்குப் பாஸ்போர்ட் உண்டு என்பதே
எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.
அவசரத்துக்கு அழைக்க: என் பெயர்.
கீழே, பால் வாளியில் விழுந்து செத்த
என் பழைய போனின் நம்பர்.

“அண்ணே, எல்லாம் வந்துட்டா?”
“வந்துட்டு.”

ஒரு பிளஸ் போதும்.
அதைச் செய்ய ஏற்கெனவே
ஒரு வைரஸ் இருந்தது இந்த வீட்டில்.
நான் அதைத் திரையின் நடுவில் இழுத்துவிட்டேன்,
வேறெதுவும் பக்கத்தில் இல்லாமல்.

ஐந்தரைக்குக் குடையை உதறிக்கொண்டு வந்தாள்.
“சரியாச்சா?”
“இப்ப ஓடுது. பாரு” என்று சொல்லிப்
புகைப்புரைக்குப் போனேன்.
திருப்பிப் போடத் தேவையில்லாத ஷீட்டுகளை
ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன்.
கண் எரிந்தது. புகைதான்.

ராத்திரி ஓட்டில் மழை தட்டியது.
நடுநடுவே வேறு ஏதோவும் தட்டியது,
விட்டு விட்டு.

விடியுமுன் எழுந்தபோது மழை நின்றிருந்தது.
கத்தியைத் தேடி டார்ச் அடித்தேன்.
ஆணியில்
பென் டிரைவின் நீல நாடா மட்டும்
தொங்கிக்கொண்டிருந்தது.