ரெண்டு பாயிண்ட்

பதினோரு ஷாஃப்ட் திரும்பி வந்தது
கீரணத்தம் பம்ப் கம்பெனியிலிருந்து.
பேரிங் உட்காரும் இடத்தில்
ரெண்டு பாயிண்ட் குறைவாம்.
சாக்பீஸில் எழுதியிருந்தார்கள், பெரிதாக.
அது நன்றாகவே தெரிந்தது.

மருதாசலம் அண்ணன் திட்டவில்லை.
"என்ன கண்ணு, இப்படி ஆயிப்போச்சு?"
எங்கள் பக்கம் எல்லோருக்கும் எல்லோரும் கண்ணுதான்.
கன்றுக்குட்டி கண்ணு,
கடன் கேட்டு வந்தவன் கண்ணு.
அன்றைக்கு மட்டும் அந்தச் சொல்
லேத்திலிருந்து தெறித்த பிசிறாய்
கன்னத்தில் சுட்டது.

இருபத்தி நாலு வருசமாக
ஆவாரம்பாளையத்தில் லேத் ஓட்டுகிறேன்.
டூல் மழுங்கினால் சத்தத்தில் பிடிப்பேன்,
இரும்பு காய்ந்தால் வாசத்தில்.
மழுங்கியது கண் என்றால்
அதற்கு ஏது சத்தம்?

போன தீபாவளிக்கே ஆரம்பித்திருக்க வேண்டும்.
வெர்னியரின் கோடுகள்
ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன,
நனைந்த பூனையின் மயிர் மாதிரி.
கையை நீட்டினேன்.
இன்னும் நீட்டினேன்.
ட்யூப்லைட் சரியில்லை என்றேன், மாற்றினார்கள்.
கை மட்டும் ஒரு முழம் வளர்ந்திருந்தால்
சமாளித்திருப்பேன்.

"மாத்திரை அட்டைய எதுக்குங்க
பாம்பப் புடிக்கற மாதிரி புடிக்கறீங்க?"
வசந்தாமணி கேட்டபோது
சாப்பாட்டில் உப்பு இல்லை என்று
பேச்சை மாற்றியவன் நான்.

கணபதியில் கண்ணாடிக் கடை.
ப்ளஸ் டூ முடித்து வருசம் ஒன்று இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.
ஓர் அட்டையைக் கையில் கொடுத்தாள்.
மேலே பெரிய எழுத்து,
கீழே போகப் போகச் சின்னது,
கிணற்றுக்குள் இறங்கும் படிகள்.

'ஒரு விவசாயி சந்தைக்குப் போனான்.
எருமை ஒன்று வாங்கினான்.
வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது.'
அதற்குக் கீழே எறும்பு.
நான் நிறுத்தவில்லை.
'எருமையோடு வீடு வந்து சேர்ந்தான்' என்றேன்,
தடங்கல் இல்லாமல்,
திருக்குறள் ஒப்பிக்கிற குரலில்.

"அங்கிள், அதுல அப்படி இல்லீங்க."

அவள் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வருசமாக நான் அளவு பார்க்கவே இல்லை.
வீடு வந்து சேர்ந்திருக்கும்,
சேர்ந்திருக்கும் என்று
ஒவ்வொரு ஷாஃப்டுக்கும்
நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூக்கின் மேல் ஓர் இரும்பு வளையத்தை மாட்டினாள்.
ஒன்று போட்டாள். ஒன்றேகால்.
கால் காலாக ஏற்றினாள்.
நானும் அப்படித்தான் டூலை உள்ளே விடுவேன்,
பொறுமையாக,
பொருள் தாங்குமா என்று பார்த்துக்கொண்டே.

ஒன்றரையில்
எறும்புகள் கால் ஊன்றி நின்றன.
'கயிற்றை அறுத்துக்கொண்டு எருமை
சந்தைக்கே திரும்பிப் போய்விட்டது.'
அதற்கும் கீழே சிவகாசி அச்சகத்தின் ஃபோன் நம்பர்.
அதையும் வாசித்தேன்.
"போதுமுங்க அங்கிள்" என்றாள்.

மறுநாள் பட்டறையில்
என் கையே எனக்குப் புதிது.
ரேகைக்குள் ரேகையாக எண்ணெய் அழுக்கு.
வழவழப்பு என்று நான் நம்பிய ஷாஃப்ட் மேல்
உழுத காடு மாதிரி டூல் போன தடம்.
தலை நிமிர்ந்தால் தூரம் எல்லாம் பனி,
கதவோரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு புகை.
"தெரியுதா கண்ணு?" என்றது புகை.
"தெரியுதுங்ண்ணா" என்றேன்,
கையில் இருந்ததைப் பார்த்து.

பதினொன்றையும் திரும்ப அளந்தேன்.
ஒன்பது என் தப்பு.
ரெண்டு சரியாகவே இருந்தன.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி அளந்தேன்.
சரியாகவே இருந்தன.

கீரணத்தத்தில் செக்கிங்கில் இருப்பவன் தெய்வசிகாமணி.
என்னோடு ஐடிஐ படித்தவன்.
ஒரே பெஞ்சு.

அந்த ரெண்டு ஷாஃப்டையும்
காகிதத்தில் சுற்றி டெம்போவில் அனுப்பினேன்.
கூடவே, ரப்பர் பேண்டில் செருகி,
கணபதிக் கடையின் விசிட்டிங் கார்டு.
நல்லவேளை,
பெரிய எழுத்தில்தான் அச்சடித்திருந்தார்கள்.