முப்பத்துநான்கு நொடி

பட்னா, முசல்லஹ்பூர். மூன்றாம் மாடி.
இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல்.
ஜன்னலுக்கு வெளியே மின்கம்பம் முழுக்கப்
பயிற்சி மையங்களின் தட்டிகள்;
உட்கார வந்த காக்கை
இடம் கிடைக்காமல் திரும்பும்.

வாடகை மூவாயிரத்து இருநூறு, ஆளுக்குப் பாதி.
இந்தக் கணக்கு மட்டும்
எனக்கு உடனே வந்தது.

மற்றதெல்லாம் நிகத்துக்கு.
கிஷன்கஞ்சிலிருந்து தகரப் பெட்டியோடு வந்தவள்,
வந்த அன்றே சுவரில் கரியால் எழுதினாள்:
முப்பத்தைந்து கேள்வி, இருபது நிமிடம்,
கேள்விக்கு முப்பத்துநான்கு நொடி.
பத்து நொடி மிஞ்சுகிறதே என்றேன்.
"அது மூச்சு விட."

நாற்பத்தேழை அறுபத்துமூன்றால் பெருக்கு என்றால்
நான் பேனாவைத் திறப்பேன்.
அவள் திறக்க மாட்டாள்.
"வாலைப் பார், புல்புல்.
ஏழு மூணு இருபத்தொண்ணு,
ஒன்றில் முடியாத விடையெல்லாம் வெளியே போகட்டும்.
மிஞ்சினது ரெண்டு. அறுபத்துமூன்று ஒன்பதின் பிள்ளை,
அதனால் இலக்கங்களைக் கூட்டினால்
ஒன்பதின் வீட்டுக்குத்தான் வந்து சேரணும்.
2951 வராது. 2961 வரும்.
அடுத்தது."
பெருக்கவே இல்லை அவள்.
நான் அப்போதுதான்
'கையில் இரண்டு' என்று முணுமுணுத்திருந்தேன்.

மின்சாரம் போன இரவுகளில்
இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும்:
எண்பத்தைந்தின் வர்க்கம்?
கொசுவை அடித்துக்கொண்டே யோசிப்பேன்.
எட்டொன்பது எழுபத்திரண்டு, பின்னால் இருபத்தைந்து,
ஏழாயிரத்து இருநூற்று இருபத்தைந்து என்று
நான் வாய் திறப்பதற்குள்
தூங்கிப் போயிருப்பாள்.

படகுக் கணக்கு எனக்கு ஒத்துவராது.
'அசையாத நீரில் படகின் வேகம்' என்கிறார்கள்.
ஆகஸ்டில் கங்கையைப் பார்த்த ஒருவர்
அப்படி எழுதுவாரா?
படித்துறையின் பதினோராம் படி வரை வந்து
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பைச்
சுழற்றிக்கொண்டிருந்தது ஆறு.
"ஆறு எப்படிப் போனால் உனக்கென்ன?
போன வேகம், வந்த வேகம்,
கூட்டு, பாதியாக்கு, நகரு."

தேர்வு டானாபூரில், இருவருக்கும் ஒரே வேளை.
கூட்டுவட்டி, குழாய்த் தொட்டி, அந்தப் படகு,
எல்லாவற்றையும் விட்டேன்.
பதினோரு கேள்வி.
தெரிந்தும் நேரமில்லாமல் விட்டவை நான்கு;
அவற்றின் எண்கள்கூட நினைவிருக்கின்றன.
நிகத் ஒன்றையும் விடவில்லை.

எல்லைக்கோடு அறுபத்தொன்றே கால்.
எனக்கு அறுபத்திரண்டரை.
அவளுக்கு அறுபத்தொன்று.

கால்.
தப்பான ஒரு விடைக்கு
அவர்கள் பிடித்துக்கொள்ளும் அதே கால்.

அழவில்லை. அலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.
"கடைசியில் ஆறு நொடி இருந்தது.
சால்வைக்குத் தள்ளுபடி எவ்வளவு என்று ஒரு கேள்வி.
படிக்காமலே மூன்றாவதை அழுத்தினேன்.
மூச்சு விட்டிருக்கலாம்."
பிறகு லிட்டி வாங்கப் போனோம்.
சில்லறையில் இரண்டு ரூபாய் குறைந்ததை
அவள்தான் கண்டுபிடித்தாள்.

தேயிலைத் தொழிற்சாலையில்
இலை நிறுத்து எழுதும் வேலை, அண்ணன் பேசி வைத்தது.
அடுத்த வருடம் வருவேன் என்றாள்.
அடுத்த வருடத்தை அவள் ஒருபோதும்
தோராயமாகச் சொன்னதில்லை;
அன்று சொன்னாள்.

முதன்மைத் தேர்வுக்கு நான் தனியாகப் படிக்கிறேன்.
வாடகை மூவாயிரத்து இருநூறு.

நேற்று இரவு ஒரு கணக்கு:
ஒரு வேலையை ஒருத்தி இருபது நாளில் முடிப்பாள்.
இன்னொருத்திக்கு முப்பது நாள்.
சேர்ந்து தொடங்குகிறார்கள்.
ஆறு நாள் கழித்து முதலாமவள் போய்விடுகிறாள்.
மீதியை முடிக்க மற்றவளுக்கு எத்தனை நாள்?

மொத்தம் அறுபது பங்கு. அவள் மூன்று, நான் இரண்டு.
ஆறு நாளில் முப்பது தீர்ந்தது.
மிச்சம் முப்பது, நாளுக்கு இரண்டு,
பதினைந்து.

பேனாவைத் திறக்கவில்லை.
ஒன்பது நொடி.

மிஞ்சிய இருபத்தைந்து நொடியும்
எதிர்க்கட்டிலின் வெறும் பலகையைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.