சின்ன பி, பெரிய பி

குஞ்சப்பனையில் மண் சரிந்து
கண்ணாடி இழை அறுந்த இரவு.
கோத்தகிரிக்கு மிஞ்சியது
கோபுரத்துப் பழைய மைக்ரோவேவ் மட்டும்:
ஒரே ஒரு இ-ஒன். நொடிக்கு இரண்டு எம்பி.

அப்படித்தான் சொன்னேன் டாக்டர் செலினிடம்,
போனில், அரைத் தூக்கத்தில்,
'இரண்டு எம்பி இருக்கு டாக்டர்.'
அவர் கணக்குப் போட்டுக்கொண்டார்.
மண்டை ஸ்கேன் இருநூற்று நாற்பது எம்பி.
இரண்டால் வகுத்தால் நூற்றிருபது நொடி.
இரண்டே நிமிஷத்தில் கோயம்புத்தூர் பார்த்துவிடும்.

ஆறாவது நிமிஷம் மறுபடி மணி.
'ஜீவராணி, உங்க லைன் செத்துடுச்சா?'

சாகவில்லை.
நான் சொன்னது பிட். அவர் கேட்டது பைட்.
எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.
இங்கிலீஷில் எழுதினால்
ஒன்று சின்ன பி, மற்றது பெரிய பி.
வாயால் சொன்னால் இரண்டும் ஒரே பி.
குறிலையும் நெடிலையும்
மாத்திரை பார்த்துப் பிரிக்கிற பாஷைக்காரி,
கோட்டை விட்டேன்.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.
பெஞ்சில் நஞ்சம்மா.
உள்ளே அவர் புருஷன் போஜன்,
இலை லாரியில் மூட்டை ஏற்றும்போது வழுக்கி
பின்மண்டை அடிபட்டவர்.

டாக்டரைவிட நஞ்சம்மாவுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது.
ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று
பாக்டரி கழித்தது போக
மிச்சத்துக்குத்தான் காசு என்று தெரிந்தவர்.

இது முப்பத்திரண்டு சீட்டு பஸ் அம்மா.
ஒன்று டிரைவருக்கு, ஒன்று கண்டக்டருக்கு.
ஏறுவது முப்பது பேர்.
சீட்டுக்கு நொடிக்கு அறுபத்து நாலாயிரம் பிட்.
போர்டில் எழுதியிருப்பது இரண்டு புள்ளி சைபர் நாலு எட்டு.
உள்ளே போவது ஒன்று புள்ளி ஒன்பது இரண்டு.

படத்தை எட்டால் பெருக்கி, அதால் வகுத்தேன்,
மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்.
சரியாக ஆயிரம் நொடி.
இவ்வளவு முழுசாக வரும் விடையை
நான் நம்புவதில்லை. இரண்டு தரம் போட்டேன்.
இழை இருந்திருந்தால் பதின்மூன்று நொடி.
அதை அவரிடம் சொல்லவில்லை.

'ஆயிரம்னா எவ்வளவு தூரம்?' என்றார்.
நேரம் என்று திருத்த வாய் வரவில்லை.
குன்னூர் பாதையில் கீழே இறங்கப்
பதினாலு கொண்டை ஊசி வளைவு.
ஆயிரத்தைப் பதினாலுக்குப் பங்கு வைத்தால்
வளைவுக்கு எழுபத்தோரு நொடி, கொஞ்சம் சில்லறை.
'இப்ப ஆறாவது தாண்டுது' என்றேன்.

அதன் பிறகு அவர் கதவைப் பார்க்கவில்லை,
என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
ஏழு.
எட்டு.
ஒன்பதில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடித்தது.
இருட்டில் இருந்த அந்த நாலு நொடியையும்
விடாமல் எண்ணினார்.

டிரைவர் சீட்டில் போகிற சைபராம் துண்டு
யாருடைய சேதியையும் சுமப்பதில்லை.
'தொடக்கம் இங்கே, தொடக்கம் இங்கே' என்று
நொடிக்கு நாலாயிரம் தரம் சொல்லிக்கொண்டே இருக்கும்.
அது நின்றால்
பின்னால் இருக்கும் முப்பதும் வெறும் இரைச்சல்.

பதிமூன்று.
பதினாலு.
மேட்டுப்பாளையம், பாக்குத் தோப்பு, சமவெளி,
யாரோ ஒருவருடைய திரை.

படம் இறங்கிக் காலியான சீட்டு ஒன்றில் ஏறி
மேலே வந்தது அந்த ஊர் டாக்டரின் குரல்:
'கசிவு இல்லை. காலையில அனுப்பினா போதும்.'

போனது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கோடி பிட்.
வந்த பேச்சு மூன்று நொடி,
ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம்.
பத்தாயிரத்துக்கு ஒன்று.
பச்சை இலைகூட இவ்வளவு வற்றாது.

நஞ்சம்மா எழுந்து
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டார்:
'எல்லாம் கழிச்சுதானே சொல்றாங்க?'