பதினைந்து எழுத்து

ஓர் எழுத்துக்கு இரண்டு யூரோ.
லோயா என்றால் எட்டோடு முடிந்தது.
கோல்டோ இதுர்ரியாககோய்தியாவுக்கு
சட்டைக் காசு போக, தனியாக முப்பது.
முதுகும் போதாது.
எழுத்தைச் சிறிதாக்கி, வில்லாய் வளைத்து,
ஒரு தோளில் ஏற்றி
மறு தோளில் இறக்க வேண்டும்.

கந்தாப்ரியக் கரையில், மைதானத்தின்
வடமேற்கு மூலையை ஒட்டி கிளப்பின் கடை.
மழை பிடித்தால் சட்டை மடிப்பிலெல்லாம் கடல் வாடை.
நான் இங்கே பெயர் ஒட்டுகிறவள்.
பதினோரு பருவங்களில்
அவன் பெயரை ஒன்பது முறை ஒட்டியிருக்கிறேன்.
பந்தயத்தில் தோற்ற ஒரு பல் மருத்துவருக்கு.
அதே குடும்பப்பெயர் கொண்ட மீன் லாரிக்காரருக்கு இரண்டு.
(ஒன்றில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.
அவரே கவனிக்கவில்லை.)
மற்ற ஆறும் யாருக்கென்று நினைவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் ஒய் தீர்ந்துவிடும்,
லோயா, லோயா, லோயா என்று.
ஐ எழுத்து மட்டும் பெட்டி நிறையக் கிடக்கும்.
அவனுக்காக வாங்கி வைத்தது.

இடது பின்காப்பு. மூன்றாம் எண்.
இருநூற்று எண்பத்தேழு ஆட்டம், மூன்று கோல்,
அதில் ஒன்று நம் வலைக்குள்ளேயே.
ஊரைக் கேட்டால் அந்த ஒன்றைத்தான் சொல்லும்:
பிப்ரவரி, சேறு, எண்பத்தெட்டாவது நிமிடம்.
எப்போதும் கோல்டோவோடு நிறுத்தி
மூச்சு வாங்கிக்கொள்ளும் ஒலிபெருக்கிக்காரர்
அன்றைக்கு மட்டும்
பெயரை முழுசாகச் சொன்னார்.

நான் ஆட்டம் பார்த்தவள் இல்லை.
கடைக் கதவை ஒரு சாண் திறந்துவைத்தால்
புல்லில் ஒரு கீற்று தெரியும்,
இடது ஓரம்.
முதல் பாதி முழுக்க எனக்கு அவன்தான் ஆட்டம்.
லோயாவின் கோல்கள் சத்தமாகத்தான் என்னிடம் வந்தன.
சத்தம் எழும்பும்போது
இங்கே, யார் கண்ணும் இல்லாத மூலையில்,
காலுறையை இழுத்துவிட்டு
அவன் தன் இடத்துக்குத் திரும்பி நடப்பான்,
வீட்டுக் கொல்லைக்கதவைச் சாத்தப் போகிறவன் மாதிரி.

ஜனவரியில் லோயா பக்கத்து ஊர் அணிக்குப் போனான்.
திங்கட்கிழமை கடை வாசலில் வரிசை.
அப்பாக்கள், பையன்கள், ஒரு பாதிரியார்கூட.
எல்லோருக்கும் ஒன்றே வேண்டும்: உரித்துத் தா.
சூடுகாட்டி, நகத்தால் ஓரம் கிளப்பி,
கரைப்பான் தொட்டுத் துடைத்தேன் மூன்று வாரம்.
எவ்வளவு துடைத்தாலும்
வெளிச்சத்தில் சாய்த்தால் நான்கு எழுத்தும் தெரியும்.
அந்த விரல் எரிச்சலில்தான் தோன்றியது:
கோல்டோவை உரிக்கச் சொல்லி
ஒருவர்கூட வந்ததில்லை.
அந்த ஒன்பதும் எங்கெங்கோ
துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும்.

மே மாதம் ஓய்வு பெற்றான்.
மாலை ஒன்று, கடிகாரம் ஒன்று, மழை.
கைதட்டல் இருந்தது; குடைகளும் இருந்தன,
அதனால் சரியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்டில் கடைக்குள் வந்தான்,
அண்ணன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு.
இத்தனை கிட்டத்தில் பார்த்தது அன்றுதான்;
புருவத்தில் தையல் போட்ட தழும்பு,
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
யார் பெயர் போடட்டும் என்றேன் சிறுமியிடம்.
சித்தப்பாவை நிமிர்ந்தும் பார்க்காமல்
"என் பெயர்" என்றாள். லூர்.
மூன்று எழுத்து, ஆறு யூரோ.
"எங்கள் வம்சத்திலேயே மலிவு இவள்தான்"
என்று சில்லறையை எண்ணி வைத்தான்.
பழைய ஆட்டக்காரர்களுக்குத் தள்ளுபடி உண்டு,
அவனும் கேட்கவில்லை,
எனக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

போகும்போது கதவைச் சாத்தினான்,
முழுக்க அல்ல.
ஒரு சாண் விட்டு.